ஈஸ்ட் பெங்கால் கோபித்துக்கொண்டது மோகன் பகானிடம் இல்லையே?

மைதான்வாசி:

கொல்கத்தா டெர்பி, அதாவது ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற இரண்டு கால்பந்து கிளப்புகளின் மோதல் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ஒரே கதைதான் வருகிறது. 1947-ல் நாடு பிரிந்தது, கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து சேர்ந்தார்கள், உள்ளூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள், வந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் வைத்துக்கொண்டார்கள், அன்றிலிருந்து சண்டை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈஸ்ட் பெங்கால் தொடங்கப்பட்டது 1920 ஆகஸ்ட் 1. பிரிவினைக்கு 27 ஆண்டுகள் முன்பு.

நடந்தது இதுதான். 1920 ஜூலை 28 அன்று கூச் பெஹார் கோப்பையில் ஜோராபகான் என்ற கிளப்பும் மோகன் பகானும் மோதின. ஜோராபகான் அணியில் ஹாஃப்பேக் சைலேஷ் போஸுக்கு இடம் தரவில்லை. அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரிக்கும் பூர்வீகம் அதே பக்கம். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். ஒழுங்கான பதில் வரவில்லை. விலகினார். நான்கே நாளில் புதிய கிளப்.

ஆக, அவமானப்படுத்தியது ஜோராபகான். மோகன் பகான் அன்றைக்கு எதிரில் நின்று ஆடிய அணி, அவ்வளவே. ஜோராபகானை இன்று யாருக்கும் நினைவில்லை. அதன் மேல் வந்த கோபம் எப்படி முகவரி மாறி மோகன் பகான் வீட்டுக் கதவைத் தட்டியது? இதற்கு விடை தெரிந்தவர்கள் எழுதுங்கள். மீன் கதையை மட்டும் யாரும் முதலில் ஆரம்பிக்க வேண்டாம்.

புள்ளிக்கணக்கு:

முகவரி மாறியது 1924-25-ல்.

கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அப்போது ஒரு விதி. அந்த இரண்டு இடங்களிலும் மோகன் பகானும் ஏரியன்ஸும் உட்கார்ந்திருந்தன. ஈஸ்ட் பெங்கால் இரண்டாம் டிவிஷனில் மேலே வந்து கதவைத் தட்டியது. விதியைத் தளர்த்தலாமா என்று அங்கே கால்பந்தை நடத்திய சங்கமான ஐஎஃப்ஏ கூடியபோது வெள்ளைக்காரக் கிளப்புகள் சரி என்றன. எதிர்த்தவை இந்த இரண்டு இந்தியக் கிளப்புகள். துரைமார்கள் சம்மதித்த பிறகும் நம்மவர்கள் மறித்தார்கள் என்ற கசப்பு எத்தனை நாள் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பை மீறி முதல் டிவிஷனுக்கு வந்து, 1925 மே 28 அன்று லீக்கில் முதல் முறையாக மோதியபோது ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. கோல் நேபாள் சக்ரவர்த்தி. இதற்கு முன்பே, 1921 ஆகஸ்ட் 8-ல் கூச் பெஹார் கோப்பை அரையிறுதியில் இரு அணிகளும் மோதி 0-0 என்று முடிந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலானோர் டெர்பியின் பிறந்த நாளாகச் சொல்வது 1925-ஐத்தான். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கோலே விழாத ஆட்டத்தில் பகை எங்கிருந்து வரும்?

பச்சைமெரூன்:

மோகன் பகானை வில்லனாக்கி முடித்துவிட்டீர்களா? கொஞ்சம் பின்னால் போவோம்.

1889 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய கிளப் இது. 1911 ஜூலை 29, ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டி. எதிரில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட். அவர்கள்தான் முதல் கோல் அடித்தார்கள். பிறகு கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், அபிலாஷ் கோஷ் இரண்டாவதைப் போட்டார், 2-1. நம் பதினொரு பேரில் பூட்ஸ் அணிந்தவர் பாதிரியார் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். ஒரு இந்திய அணி அந்த ஷீல்டை வென்றது அதுவே முதல் முறை.

கர்சன் 1905-ல் வங்காளத்தை இரண்டாக வெட்டிய காயம் ஆறாத காலம் அது. அன்று வென்ற அணி மேற்குக்காரர்களின் அணி அல்ல. ஷிப்தாஸின் குடும்பமே கிழக்கிலிருந்து வந்தது. பின்னாளில் 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வாங்கிய டிஃபெண்டர் கோஷ்டோ பால் பிறந்தது ஃபரித்பூர் மாவட்டம். வாழ்நாள் முழுக்க மோகன் பகானை விட்டு நகராத சுனி கோஸ்வாமி பிறந்தது கிஷோர்கஞ்ச். இரண்டும் இன்று வங்கதேசம். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் சுனிதான். எங்கள் சாமிகளில் பாதிப் பேர் பத்மா நதிக்கு அந்தப் பக்கம். கோட்டி (மேற்குக்காரர்) கிளப், பாங்கால் (கிழக்குக்காரர்) கிளப் என்று கோடு கிழிப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மைதான்வாசி:

பச்சைமெரூன், இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மைதானத்துக்குள் இறங்கியவர்களை வைத்துப் பார்த்தால் கோடு நிற்பதில்லை. கோடு இருந்ததெல்லாம் கேலரியில்.

செந்தீப்பந்தம்:

கோடு கேலரியில்தான் இருந்தது, சரி. அந்தக் கேலரியை நிரப்பியது யார்?

1947-க்குப் பிறகு ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கமெல்லாம் அகதிக் குடியிருப்புகள். வீடும் நிலமும் அங்கே போய்விட்டன. ரேஷன் வரிசையிலும் பள்ளிக்கூடத்திலும் பேச்சு வழக்கை வைத்தே 'பாங்கால்' என்று அடையாளம் கண்டுவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, விட்டு வந்த ஊரின் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் ஒரு கிளப் கிடைத்தால் என்ன ஆகும்? கிளப் 1920-ல் பிறந்தது உண்மை. அதற்குச் சனம் கிடைத்தது 1947-ல்தான். மைதான்வாசி தள்ளிவைக்கும் கதை முழுப்பொய் அல்ல.

தமிழர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த அகதிகளுக்கு முதல் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தவர்கள் வங்காளிகளே அல்ல. அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே. 'பஞ்ச பாண்டவர்கள்' என்று இன்றும் சொல்வார்கள். ஐந்து பேரும் தென்னாட்டுக்காரர்கள்! அப்பாராவ் காக்கிநாடா, அகமது கான் பெங்களூர், சாலே கேரளம். இவர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தவர் கிளப் நிர்வாகி ஜோதிஷ் குஹா. 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று முறை ஐஎஃப்ஏ ஷீல்டு வந்தது. ஒரு வார்த்தை வங்க மொழியில் சரியாகப் பேசத் தெரியாதவர்களை டாக்கா தாத்தாக்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வியாசர்பாடி விங்கர்:

தென்னாட்டுக் கணக்கு என்று வந்துவிட்ட பிறகு கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை விட முடியாது. மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஆடி மேலே வந்தவர். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் நின்றிருக்கிறார். மூன்று கேலரியிலும் திட்டு வாங்கியவர் என்றும் சொல்லலாம்.

அப்புறம் நம் நந்தகுமார் சேகர். சென்னைப் பையன். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. அதற்கு முன்னால் ஈஸ்ட் பெங்கால் டெர்பியில் கடைசியாக வென்றது 2019 ஜனவரியில். நான்கரை ஆண்டுகள் அடிமேல் அடி. வலது ஓரத்தில் பந்தை வாங்கினார், டிஃபெண்டரைத் தாண்டி உள்ளே வெட்டினார், இடது காலால் தூரத்துக் கம்பம் பக்கமாக வளைத்துவிட்டார். 1-0. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் பாதிப் பேர் அழுதார்கள். சென்னையில் அவரை எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? அந்த ஒரு கோலுக்குப் பிறகு கொல்கத்தாவில் அவர் டீ குடித்தால் காசு வாங்கியிருக்க மாட்டார்கள்.

மன்னிக்கவும், பாதி கொல்கத்தாவில்.

லேக் மார்க்கெட்காரன்:

தம்பிகளா, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அப்பாவுக்கு அலுவலக வேலை, வீட்டில் இட்லி, வெளியே டெர்பி. நாங்கள் கோட்டியும் இல்லை பாங்காலும் இல்லை. ஆனாலும் 'நீ எந்தப் பக்கம்' என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் அந்தத் தெருவில் விளையாடப் போக முடியாது.

மைதான்வாசி தடை போட்ட மீன் கதையை நான் சொல்லியே ஆக வேண்டும், கோபிக்கக்கூடாது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் (உல்லம் மீன்), மோகன் பகான் வென்றால் சிங்ரி (இறால்). இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, மீன்காரர்களின் பதற்றம். எங்கள் சந்தையில் ஒருவர் டெர்பி அன்று சாயங்காலம் இரண்டையும் ஐஸ் பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டு, டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசி விசில் வரை விலை சொல்ல மாட்டார். முடிவு தெரிந்ததும் ஒரு பெட்டியின் கோணிச் சாக்கை மட்டும் உருவுவார். இன்னொன்றைத் திறக்கவே மாட்டார். அந்த மீனைத் தோற்றவன் வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் அடி விழும் என்பார். டிரா ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

1975 செப்டம்பர் 30-க்கு வருகிறேன். ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதி. 1970-லிருந்து ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு லீக் பட்டங்கள் வென்றிருந்த நேரம். பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. ஐந்தாவது நிமிடத்தில் சுரஜித் சென்குப்தா. பிறகு ஷியாம் தாபா, ரஞ்சித் முகர்ஜி, மறுபடியும் ஷியாம் தாபா, கடைசியில் சுபங்கர் சன்யால். 5-0. இதில் தாபா ஒரு பெனால்டியை வேறு வீணாக்கினார். மோகன் பகான் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலி இளம் பையன், நான்கு கோல் வாங்கியதும் வெளியே எடுத்துவிட்டார்கள். அவரே பின்னால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்ப் பெயர் எடுத்தார், இந்திய அணிக்கும் ஆடினார் என்பது வேறு கதை.

அன்றிரவு மோகன் பகான் கூடாரத்தைச் சுற்றிச் சொந்த ரசிகர்களே கொதித்துக்கொண்டு நின்றார்கள். சுப்ரத பட்டாச்சார்யா உட்படச் சிலர் கங்கையில் படகில் ஒளிந்து இரவைக் கழித்தார்கள் என்று அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். ஒரு மோகன் பகான் ரசிகர் உயிரையே விட்டார். அடுத்த பிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரனாக வந்து பழி தீர்ப்பேன் என்று கடிதம். இதைப் பெருமையாகச் சொல்லும் ஆட்களை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் தெரியவில்லை.

பச்சைமெரூன்:

அடுத்த வருடத்தை மறந்துவிட்டீர்கள் அண்ணா. பி.கே. பானர்ஜியை நாங்கள் 1976-ல் இங்கே கொண்டுவந்துவிட்டோம். லீக் டெர்பியில் முகமது அக்பர் 17 விநாடியில் கோல். கேலரியில் பாதிப் பேர் உட்காரக்கூட இல்லை. அந்த ஒரு கோலோடு ஆட்டத்தை முடித்தோம். 1977-ல் பெலேயின் நியூயார்க் காஸ்மாஸ் அணியை ஈடன் கார்டனில் 2-2 என்று நிறுத்தியதும் நாங்களே. ஷியாம் தாபாவும் எங்கள் பக்கம் வந்து 1978-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவே தலைகீழாகப் பறந்து ஒரு பைசைக்கிள் கிக் போட்டார்.

புள்ளிக்கணக்கு:

பி.கே. பானர்ஜி ஆட்டக்காரராக இரண்டு கிளப்புக்கும் ஆடியதில்லை. ஏரியன்ஸ், அப்புறம் ஈஸ்டர்ன் ரயில்வே. இரண்டு பக்கமும் அவரைக் கடவுளாக வைத்துக் கும்பிட அதுவும் ஒரு காரணம்.

வியாசர்பாடி விங்கர்:

ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவில் ரசிகர்கள் ரத்ததானம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது என்ன நாள்?

மைதான்வாசி:

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன், லீக் டெர்பி. அன்றைக்கு இரு தரப்பு ரசிகர்களுக்கும் தனித்தனி இடம் இல்லை. தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் மோகன் பகான் விங்கர் பிதேஷ் போஸை ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித் முரட்டுத்தனமாகத் தடுத்தார், பிதேஷ் திருப்பிக் கொடுத்தார், நடுவர் சுதின் சாட்டர்ஜி இருவரையும் வெளியே அனுப்பினார். ஆட்டக்காரர்களுக்கு அதோடு முடிந்தது. கேலரியில் அப்போதுதான் தொடங்கியது. கற்கள், கைகலப்பு, தப்பி ஓடியவர்களின் நெரிசல். கீழே ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. 0-0 என்று முடிந்து ஆட்டக்காரர்கள் வெளியே வந்த பிறகுதான் மேலே என்ன நடந்தது என்பதே பலருக்குத் தெரிந்தது. 16 பேர் இறந்திருந்தார்கள். எந்தக் கிளப்புக்கு எத்தனை பேர் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

பாடகர் மன்னா டே அவர்களுக்காக ஒரு பாட்டுப் பாடினார். ரத்ததானம் அப்போது தொடங்கிய வழக்கம், இன்றும் நிற்கவில்லை. 2021-ல் மாநில அரசு இதே தேதியை 'கேலா ஹோபே' ('ஆட்டம் நடக்கும்') நாள் என்று விளையாட்டு விழாவாகக் கொண்டாடத் தொடங்கியது. தேர்தல் கோஷத்தை இந்தத் தேதியில் கொண்டுபோய் ஒட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

1984-ல் சால்ட் லேக் ஸ்டேடியம் வந்தது, ரசிகர்களைப் பிரித்து உட்கார வைக்க முடிந்தது.

செந்தீப்பந்தம்:

சால்ட் லேக் என்றால் 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. வந்தவர்கள் 1,31,781 பேர்.

மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' முறை என்று ஒன்றைக் கொண்டுவந்து எதிரிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே அழகான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார், ஓமோலோவை 'ஆம்லெட்' என்றார், சோஸோவை 'சஸா', அதாவது வெள்ளரிக்காய் என்றார். எங்கள் பக்கம் பயிற்சியாளர் யார்? அதே பி.கே. பானர்ஜி. அவர் தன் பையன்களிடம் அதிகம் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை, செய்தித்தாளை நீட்டினாலே போதும். நஜிமுல் ஹக் ஒன்று, பாய்ச்சுங் ஹாட்ரிக், 4-1. உங்கள் ஒரு கோல் சீமா ஒகோரி போட்டது.

பச்சைமெரூன்:

டைமண்ட் ஒரு நாள் உடைந்தது, ஒப்புக்கொள்கிறேன். தேசிய லீக்கை அதே 1997-98 பருவத்தில் நாங்கள்தான் வென்றோம் என்பதையும் எழுதியிருக்கலாம்.

புள்ளிக்கணக்கு:

அதற்கு அடுத்து நடந்த கூத்தை இருவருமே சொல்லவில்லை. 1998-ல் விஜய் மல்லையாவின் யுபி குழுமம் இரண்டு கிளப்புகளிலும் பாதிப் பங்கை வாங்கியது. ஒன்று மெக்டவல் மோகன் பகான், மற்றொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். விஸ்கி ஒரு பக்கம், பீர் ஒரு பக்கம், கல்லாப்பெட்டி ஒன்று. எழுபது ஆண்டுப் பகையை ஒரே முதலாளி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், கேலரியில் ஒருவரும் சத்தம் குறைக்கவில்லை.

2012 டிசம்பர் 9-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசிய லீக்கான ஐ-லீக்கில் டெர்பி. மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை, கேலரியிலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபி முகத்தில் பட்டது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் இறங்க மறுத்தது. முதலில் தடை, பிறகு தடையை நீக்கி 2 கோடி ரூபாய் அபராதமும் புள்ளிகள் பறிப்பும்.

மைதான்வாசி:

நான் தொடங்கிய கேள்விக்குத் திரும்புகிறேன். செந்தீப்பந்தம் சொன்ன '1947-ல் சனம் கிடைத்தது' என்பதை ஏற்கிறேன். ஆனால் இன்றைக்கு? மூன்றாவது தலைமுறை ஆகிவிட்டது. கோட்டியும் பாங்காலும் கல்யாணம் செய்துகொண்டு ஒரே அடுக்ககத்தில் இருக்கிறார்கள். பத்மா நதியைக் கண்ணால் பார்க்காத பையன் ஏன் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-தங்கச் சட்டை போட்டுக்கொண்டு கத்துகிறான்?

செந்தீப்பந்தம்:

2020 ஜனவரி 19 டெர்பியின் படங்களைப் பாருங்கள். குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் கேலரியில் ஒரு பெரிய பதாகை ஏறியது: 'ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் காட்டி வாங்கியது அல்ல.' அதை வரைந்த பையன்கள் யாரும் 1947-ஐப் பார்த்தவர்கள் இல்லை. எதிர்க் கேலரி எங்களை எல்லை தாண்டி வந்தவர்கள் என்ற பொருளில் 'கம்பிவேலி' என்று இன்றும் கிண்டல் செய்கிறதே, அது போதும் நினைவுபடுத்த. அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம். பதாகை மட்டும் நாடு முழுக்கப் பேசப்பட்டது.

லேக் மார்க்கெட்காரன்:

தம்பி சொல்வது சரி. ஆனால் எதிர்ப் பக்கக் காயத்தையும் பாருங்கள். 2020-ல் மோகன் பகான் கால்பந்து அணி ஏடிகே என்ற கொல்கத்தாவின் புதிய கிளப்போடு இணைந்து ஏடிகே மோகன் பகான் ஆனது. நூறு ஆண்டு கடந்த பெயருக்கு முன்னால் நேற்று வந்த மூன்று எழுத்துகள். என் பள்ளித் தோழன் ஒருவன் அந்தச் சட்டையை வாங்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான். பழைய சட்டையைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போவான். 2023-ல் கோவாவில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற இரவு, மைதானத்திலேயே அணி உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். அந்த ஜூன் முதல் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட். 'ஜெயன்ட் இருக்கட்டும், ஏடிகே போனதே' என்று தொலைபேசியில் அழுதான். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாசர்பாடி விங்கர்:

2024-ல் இரண்டு ரசிகர்களும் சேர்ந்து போலீஸ் தடியடி வாங்கினார்களே?

மைதான்வாசி:

ஆமாம். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட மாதம். ஆகஸ்ட் 18 டூரண்ட் டெர்பியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். கேலரியில் நீதி கேட்டுப் பதாகை வரும் என்ற பயம் என்றுதான் ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் இல்லாத ஸ்டேடியத்துக்கு வெளியே இரு கிளப் ரசிகர்களும் கொடிகளோடு வந்து சேர்ந்தார்கள், முகமதன் ரசிகர்களும் வந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் பையன் தோளில் மோகன் பகான் பையன் உட்கார்ந்து கோஷம் போட்ட படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 'ஆட்டத்தை நடத்தவே இவ்வளவு போலீஸ் வேண்டாமே' என்று கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பச்சைமெரூன்:

அன்று சேர்ந்து நின்றோம். அக்டோபரில் 2-0 என்று வென்றோம். இரண்டும் நியாயமே. ஐஎஸ்எல்-லில் 2024-25 பருவம் முடியும் வரை ஈஸ்ட் பெங்கால் எங்களை ஒரு முறைகூட வெல்லவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

செந்தீப்பந்தம்:

2024 ஜனவரி சூப்பர் கோப்பையில் 3-1. க்ளெய்ட்டன் இரண்டு, நந்தகுமார் ஒன்று. கோப்பையும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. மொத்தக் கணக்கிலும் நாங்களே முன்னால். அதெல்லாம் இருக்கட்டும், 1975-க்கு ஐந்து கோல் பாக்கி இருக்கிறது, எப்போது திருப்பிக் கொடுப்பதாக உத்தேசம்?

பச்சைமெரூன்:

2009 அக்டோபர் 25. ஐ-லீக். சிடி எடே ஒருவரே நான்கு. மொத்தம் ஐந்து. கணக்கு தீர்ந்தது.

செந்தீப்பந்தம்:

5-3 அது. மூன்றை வாங்கிக்கொண்டு ஐந்தைக் கொடுத்தால் பாக்கி இன்னும் மூன்று.

புள்ளிக்கணக்கு:

வட்டி போடாமலா?